இல்வாவின் காற்றுப் புகாத பெட்டி

இல்வாவுக்கு ஓட்டை என்றாலே ஆகாது.

எங்கள் தகட்டுப் பட்டறையில் பெட்டி வரைகிறவள் அவள். தெருமுனையில் இடுப்பு உயரத்துக்குச் சாம்பல் நிறத்தில் நிற்கிற மின்சாரப் பெட்டிகளை நாய்கள் பார்த்திருக்கும், மனிதர்கள் பார்த்திருக்க மாட்டார்கள். எங்கள் ஸ்மோலாண்டு மாகாணத்தில் நிற்பவற்றில் பாதி இல்வா வரைந்தவை. மழை, பனி, சாலையில் தூவுகிற உப்பு, எறும்பு எதுவும் உள்ளே போகக்கூடாது என்பது விதி. மற்றவர்கள் விதிக்காகப் பெட்டி செய்தார்கள், இல்வா தனக்காகவே செய்தாள். அவள் பிறந்தது ஏரிக்கரையில் ஒரு பழைய மரவீடு. குளிர்காலத்தில் சுவரிடுக்கு வழியாகப் பனித்தூள் வந்து போர்வைமேல் உட்காருமாம். குல்லா போட்டுக்கொண்டு தூங்கி வளர்ந்த பிள்ளை. பத்தொன்பது வயதில் எங்களிடம் தகடு வளைக்க வந்தாள், கொஞ்ச காலத்தில் வரைகூடத்துக்குப் போனாள், போன முதல் வாரமே எல்லாப் பெட்டிக் கதவுகளுக்கும் ரப்பர் பட்டையை இரட்டையாக்கினாள். அவள் வீட்டில் உப்பு டப்பாவைத் திறக்க இரண்டு பேர் வேண்டும்.

பெரும்புயல் வந்த குளிர்காலத்தில் காடு பாதி படுத்துவிட்டது. விழுந்த மரங்களுக்கு அடியிலிருந்து பெட்டிகளைத் தோண்டி எடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்குள் எந்தக் காலத்திலோ ஒரு மின்பணியாளர் மறந்துவிட்டுப் போன தீப்பெட்டி கிடந்தது. ஒரு குச்சியைக் கிழித்தார்கள். பற்றியது. அது இல்வாவின் பெட்டி. பட்டறையில் விசேஷ நாட்களுக்கான பச்சைக் கேக்கை வெட்டினார்கள். அவள் ஒரு துண்டு தின்றுவிட்டு, "ஒரு ரப்பர் போதும்னு சொன்னவங்கல்லாம் இப்ப பேசுங்க" என்றாள்.  மிச்சக் கேக்கை இறுக்கமான டப்பாவில் போட்டு வீட்டுக்கு எடுத்துப்போனாள்.

"அன்னிக்கு அவ ரொம்ப சந்தோஷமா இருந்தா" என்று பிறகு அவள் புருஷன் எஸ்கில் என்னிடம் சொன்னான்.

"மூஞ்சில ஒண்ணும் தெரியலயே" என்றேன்.

"உள்ள இருக்கும். வெளிய கசியாது" என்றான்.

எஸ்கில் அவளுக்கு நேர்மாறு. வண்ணக்கூண்டில் வேலை, பெட்டிகளுக்குப் பவுடர் பெயிண்ட் அடிப்பான். வாயை மூடமாட்டான். நான் ஸ்டூரே, தகடு வளைக்கிறவன், எனக்குக் கோபம் சட்டென்று வரும். அது ஒன்று போதாதா அவனுக்கு? இருபது வருடத்துக்கும் மேல் அவனிடம் தினமும் வாங்கிக் கட்டிக்கொண்டேன். காலை ஒன்பது மணிக்கு எந்திரங்கள் நிற்கும், எல்லாரும் காபிக்குப் போவோம். இல்வா வரைகூடத்துக் கதவைத் திறந்து ஒரு குரல் கொடுப்பாள்: "எஸ்கில், காபி ஆறுது!" அவள் வாயை மூடுவதற்குள் கூண்டிலிருந்து பதில் வந்துவிடும்.

"ஆறட்டும். உன்னையே சமாளிச்சிட்டேன்."

இல்லையென்றால், "ஸ்டூரே பக்கத்துல வை, அவன் கோவத்துல தானா கொதிச்சிடும்."

இல்லையென்றால், "பாவம், அதுக்கும் வயசாகுதுல்ல."

ஒருநாள் சொன்னதை மறுநாள் சொல்லமாட்டான். இல்வா சிரிக்கமாட்டாள். அவன் கோப்பைக்கு ஒரு மூடி போட்டு எடுத்துவந்து மேசையில் வைப்பாள். ஆனால் ஒருநாள்கூட அந்தக் குரலைக் கொடுக்க அவள் மறந்ததில்லை. அவர்கள் கல்யாணமே அந்த ஒரு கூப்பாட்டில்தான் ஓடியது என்று நான் நினைக்கிறேன்.

பிறகு அந்த நோய் வந்தது. தசை ஒவ்வொன்றாக வேலையை விட்டு நின்றுவிடுகிற நோய். முதலில் வலதுகை. பெயிண்ட் துப்பாக்கி கைநழுவி விழுந்தபோது, "பெயிண்ட் விலை ஏறிப்போச்சு, கை தாங்கல" என்றான். அடுத்து கால்கள். அப்புறம் நாக்கு. நாக்கு போவதற்கு முன்னாலேயே மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி தருகிற அம்மாள் சொல்லிவிட்டார், குரலைப் பதிவு செய்து வைத்துக்கொள் என்று. எஸ்கில் சமையலறையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசிப் பதிந்தான். கொடுத்த வாக்கியங்களைப் படித்தது பாதி. மீதிப் பாதி என்னைத் திட்டியது.

குரல் போனதும் மருத்துவமனை ஒரு கைப்பலகை கொடுத்தது. திரையில் எழுத்தைக் கண்ணால் உற்றுப் பார்த்தால் எழுத்து விழும், வாக்கியம் முடிந்தால் பலகை அதைப் பேசும். ஸ்டாக்ஹோம் ரயில் நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற ஆளின் குரல் அது. அதையாவது சகித்துக்கொள்ளலாம். சகிக்க முடியாதது தாமதம். எங்கள் ஊரில் யாரும் வளவளவென்று பேசமாட்டோம், மேசையில் பாதி நேரம் கரண்டிச் சத்தம்தான் கேட்கும். ஆனால் கிண்டலுக்கு ஒரு நேரம் உண்டு, அது தவறினால் தவறியதுதான்.

வேலை நின்ற பிறகும் எஸ்கில் சக்கர நாற்காலியில் காபிக்கு மட்டும் வருவான். ஒருநாள் காபி மேசையில் நான் வேட்டைக்குப் போன கதையைச் சொன்னேன். "மரத்துமேல காலைலேர்ந்து உக்காந்திருந்தேன், ஒரு காட்டுமான்கூட வரல." எஸ்கிலின் கண் எழுத்துக்களில் ஓட ஆரம்பித்தது. நாங்கள் மரியாதையாகக் காத்திருந்தோம். காத்திருந்து, காத்திருந்து, முடியாமல் பீர்கித்தா பேச்சை மாற்றினாள். துளையிடும் எந்திரத்தில் வேலை செய்கிறவள். அவளுடைய சித்தி இறந்திருந்தார். "பாவம், ஒண்டிக்கட்டையா இருந்தாங்க. அடக்கத்துக்குக்கூட யாருமே வரல" என்றாள். அப்போது ரயில் நிலையக் குரல் தெளிவாகச் சொன்னது: "வாடை தாங்கியிருக்காது."

மேசையில் ஒருவர் முகத்திலும் ஈயாடவில்லை. எனக்குச் சொன்ன பதில் என்று எல்லாருக்கும் புரிந்தது. பீர்கித்தாவுக்கும் புரிந்தது. ஆனால் யாராலும் சிரிக்கவும் முடியவில்லை, பதிலுக்குப் பேசவும் முடியவில்லை. ஒருவர், "பனி இந்த வருஷம் சீக்கிரம் உருகும்போல" என்றார். எஸ்கில் கண்ணை மூடிக்கொண்டான்.

மறுநாள் அவன் காபிக்கு வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. அவனை வேனில் ஏற்றிக் கொண்டுவருவது என் வேலை. போய் நின்றால் கண்ணைத் திறக்கவே மாட்டான். இல்வா ஒன்பது மணிக்குக் கதவைத் திறப்பாள், பேசாமல் காபியை எடுத்துக்கொண்டு போய்விடுவாள்.

"வீட்ல பேசறானா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"எழுத்தப் பாக்கறதே இல்ல. நேத்து முழுக்க ஒரே ஒரு வார்த்த."

"என்ன?"

"'லைட்'. அணைக்கச் சொன்னான்." கோப்பையைக் கீழே வைத்தாள். "ஸ்டூரே, அவன் நோயில போகமாட்டான். இப்படிப் பேசாம கெடந்தே போயிடுவான்."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.  வழக்கம்போல எந்திரத்தைத் திட்டினேன்.

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிற ஹெல்யேவுக்கு ஐம்பது வயது, கல்யாணம் ஆகவில்லை, கார் நிற்க வேண்டிய கொட்டகை முழுக்கக் கம்ப்யூட்டர். அவன்தான் வழி கண்டுபிடித்தான். கம்ப்யூட்டருக்குள் பெரிய கிராபிக்ஸ் கார்டுகள் இரண்டு, படம் காட்ட மட்டுமல்ல, பேச்சைப் புரிந்துகொள்கிற கணக்குக்கும் அவைதான் வேகமாம். ஒன்று, சுற்றியிருப்பவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டே இருக்கும். எஸ்கில் ஓரிரண்டு எழுத்தைப் பார்த்ததுமே என்ன சொல்ல வருகிறான் என்று ஊகிக்கும். மற்றது, பதிந்து வைத்த அவன் சொந்தக் குரலில் அதைப் பேசும். ஒரே கார்டில் இரண்டு வேலையையும் கொடுத்துப் பார்த்திருக்கிறான். கேட்கிற வேலை முடியட்டும் என்று பேசுகிற வேலை வரிசையில் நிற்கும், மறுபடியும் தாமதம். இரண்டு கார்டு இருந்தால் அந்தக் கணமே பதில்.

அதை எஸ்கில் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்குக் கீழே வைத்தார்கள். சின்னக் குளிர்பெட்டி அளவு. மறுநாள் காலை இல்வா என் எந்திரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அவன் குரல்லயே பேசினான்."

"என்ன சொன்னான்?"

"மொதல்ல ஹெல்யேவ. 'நீ இதச் செஞ்ச வேகத்துல பஸ் ஓட்டியிருந்தா, போய்ச் சேர்றதுக்குள்ள பிள்ளைங்களுக்கு ஸ்கூல் வயசே தாண்டியிருக்கும்'னான். அப்புறம் உன்னப்பத்தி."

"என்னப்பத்தி என்ன?"

"சொல்ல முடியாது" என்றாள். எனக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

ஆனால் சின்னக் குளிர்பெட்டியைச் சக்கர நாற்காலியில் கட்டிக்கொண்டு காபிக்கு வர முடியாது. நாற்காலியின் முதுகுக்குப் பின்னால், இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது. ஹெல்யே அளந்தான்.

"பதினாலு லிட்டர்" என்றான்.

"பாலா?" என்றேன்.

"பெட்டி. சின்ன கம்ப்யூட்டர் பெட்டி கட்டறவங்க நாங்க லிட்டர்லதான் அளப்போம். இருவது லிட்டருக்குக் கீழ போனா மதிப்பு. பதினாலுல ரெண்டு கார்டுன்னா எவனும் நம்பமாட்டான்."

"பெட்டிக்கு அடில ரப்பர் கால் வச்சா அதுவும் கணக்குல சேருமா?" என்று இல்வா கேட்டாள்.

ஹெல்யே பெருமூச்சு விட்டான். "அந்த ஒரு கேள்வியால நெட்ல பழகின நெதர்லாந்துக்காரன் ஒருத்தன் என்கூடப் பேச்சையே நிறுத்திட்டான்."

இல்வா வரைய உட்கார்ந்தாள். ஒவ்வொரு கார்டும் ஒரு ரொட்டி அளவு நீளம், அதைவிடக் கனம். இரண்டையும் முதுகோடு முதுகாக நிறுத்தினாள், விசிறிகள் வெளிப்பக்கம் பார்த்தபடி. கார்டுகள் செருக வேண்டிய மதர்போர்டுக்கு மேலே இடம் இல்லை. ஆகவே அதைக் கீழே படுக்கவைத்து, பட்டையான கம்பி வடத்தை மடித்து இரண்டுக்கும் கொண்டுபோனாள். மின்சாரத்துக்கு நாற்காலியின் பேட்டரி. கார்டில் செருகுகிற மின்கம்பி விறைப்பானது, செருகிய இடத்தில் உடனே வளையாது, வளைத்தால் உருகும் என்று ஹெல்யே பயமுறுத்தினான். அந்த ஒரு விரற்கடை வளைவுக்காகப் படத்தை முழுக்க அழித்து மறுபடி வரைந்தாள். நடுநடுவே ஹெல்யே வந்து, "இங்க ரெண்டு மில்லிமீட்டர் சும்மா இருக்கே" என்பான். இல்வா அவனை ஒரு பார்வை பார்ப்பாள். அவன் போய்விடுவான்.

என் பங்குக்கு நானும் கத்தினேன். பெட்டி என்றால் நாலு பக்கமும் வளைக்க வேண்டும். வளைக்கிற எந்திரத்தின் தாடை உள்ளே போனால்தான் தகடு மடியும். மூன்று பக்கம் மடித்தாயிற்று. நாலாவதுக்குத் தாடை போக இடமில்லை, பெட்டி அவ்வளவு சின்னது.

"அம்மா தாயே, உனக்கு பதினாலு லிட்டர் வேணும்னா என் எந்திரத்த எலி ஒண்ணு வந்து ஓட்டணும்" என்றேன்.

"அப்ப நாலாவது பக்கத்தத் தனியா வெட்டி ரிவெட் அடி."

"ரிவெட்டா? நம்ம பட்டறையில ரிவெட்டா?"

"அடி" என்றாள். அடித்தேன்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எந்தப் பெட்டியும் அதன் படத்தை எல்லாரும் பார்த்துத் தலையாட்டாமல் வெளியே போகாது. காபி மேசையில் படத்தை விரித்தாள். எல்லாரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார்கள். பீர்கித்தா ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள், "இங்க ரப்பர் மூட்டு தெரியுதே, தண்ணி போகுமே." இல்வா மூட்டை நகர்த்தினாள். இன்னொருவர், "மூடிக்கு இரட்டைப் பட்டை போட்டிருக்கல்ல?" என்றார். போட்டிருந்தாள். நானும் பார்த்தேன், தலையாட்டினேன். பெட்டியே தொழிலாக வாழ்ந்த அத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தோம். நல்ல பெட்டி என்றோம்.

ஹெல்யே தன் கொட்டகையில் எல்லாவற்றையும் உள்ளே பொருத்தி ஓட்டிப் பார்த்தான். மூடி அப்போது வரவில்லை, பெயிண்டும் அடிக்கவில்லை. வெளியே பனி, கொட்டகைக்குள் மூச்சு விட்டால் புகை தெரியும். பிரமாதமாக ஓடியது.

எஸ்கிலை வரவைக்க இல்வா என்ன சொன்னாள் என்று தெரியாது. வந்தான். நாற்காலிக்குப் பின்னால் பெட்டி, மூடி போட்டு, இரட்டை ரப்பர் வைத்து, எட்டுத் திருகும் முறுக்கி. காபி அறையில் கதகதவென்று சூடு. பீர்கித்தா லவங்கப்பட்டை பன் சுட்டுக்கொண்டு வந்திருந்தாள். எல்லாருக்கும் உள்ளே படபடப்பு, வெளியே யாரும் காட்டிக்கொள்ளவில்லை.

நான்தான் ஆரம்பித்தேன். "என்னடா, இளைச்சிட்ட?"

அவன் குரல். எஸ்கிலின் சொந்தக் குரல், அந்தப் பழைய இழுப்போடு, நான் வாய் மூடுவதற்குள்: "அதையெல்லாம் நீ எடுத்துக்கிட்ட போல."

மேசை அதிர்ந்தது. பீர்கித்தா பன்னைக் கீழே போட்டாள். நான் ஏதோ பதில் சொன்னேன், அவன் அதற்கும் கொடுத்தான். யாரோ ஹெல்யேவை இழுத்தார்கள், ஹெல்யேவுக்கும் விழுந்தது. பழைய நாள் திரும்பி வந்தது போல இருந்தது. இல்வா சுவரோரமாக நின்றுகொண்டிருந்தாள். அவள் ஒரு மூச்சு இழுத்து, ஒன்பது மணிக் குரலைக் கொடுக்கத் தயாராவதை நான் பார்த்தேன்.

எஸ்கில் எல்லாரையும் நோட்டம் விட்டு ஒரு கதையை ஆரம்பித்தான். "ஸ்டூரே மொத நாள் வேலைக்கு வந்தப்ப, மொதலாளி அவன்கிட்ட..."

நின்றுவிட்டது. திரை கறுத்தது. நாங்கள் காத்திருந்தோம். எஸ்கிலின் கண் கறுத்த திரையில் எழுத்தைத் தேடியது. அந்தக் கண்ணைப் பார்க்க என்னால் முடியவில்லை. யாரோ, "பன் நல்லா வந்திருக்கு" என்றார்கள். யாரோ, "ஆமா, நல்லா இருக்கு" என்றார்கள். மரியாதை! எனக்கு வந்த கோபத்துக்கு மேசையைப் புரட்டிப் போட்டிருப்பேன்.

இல்வா திருகுகளைக் கழற்றி மூடியைத் தூக்கினாள். "ஆ!" என்று விரலை உதறினாள். சானா என்கிற நீராவிக் குளியலறையில் சுடுகல்மேல் தண்ணீர் ஊற்றியது போல உள்ளிருந்து அனல் அடித்தது.

ஹெல்யே பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தான். "இல்வா, காத்து எங்க வழியாப் போகுது?"

"எங்கயும் போகாது" என்றாள் இல்வா. "அதுதானே பெட்டி."

ஹெல்யே மூடியின் ரப்பரைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். தெருப்பெட்டிக்குள் இருப்பவை ஒரு பழைய பல்பு அளவுக்குச் சூடாகும். சூடு தகடு வழியாகவே வெளியே போய்விடும். உள்ளே விசிறி வைத்தால் அதே காற்றைச் சுற்றிவிடத்தான். வாழ்நாளெல்லாம் அப்படித்தான் செய்தோம். இந்தக் கார்டு ஒவ்வொன்றும் ஒரு அடுப்பு. இரண்டு அடுப்பைப் பற்றவைத்து, எட்டுத் திருகு போட்டு மூடி, நல்ல பெட்டி என்று தலையாட்டியிருக்கிறோம்.

அன்றைக்கு எஸ்கிலை நான்தான் வேனில் ஏற்றினேன். கம்ப்யூட்டர் இல்லாதபோது பிடிக்கிற கண்ணாடி எழுத்துப்பலகையை இல்வா அவன் முகத்துக்கு நேரே பிடித்தாள். அவன் கண் போன இடத்தை ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். "போ... தும்."

"பெட்டிதான் தப்பு. சரி பண்ணிடறேன்" என்றாள்.

அவன் கண் அசையவில்லை.

மறுநாள் அவள் வரைகூடத்தில் படத்தை விரித்துவைத்து உட்கார்ந்திருந்தாள். மத்தியானம் போய்ப் பார்த்தேன், அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஒரு கோடுகூடப் போடவில்லை.

"என்ன யோசனை? ஓட்டை போடு, முடிஞ்சுது" என்றேன்.

"மழை போகும்."

"காபி ரூம்ல மழையா?"

"வேன்லேர்ந்து இறங்கி உள்ள வரணும்ல. சாரல் அடிக்கும். பனி போகும். தூசி போகும்." பென்சிலைக் கீழே வைத்தாள். "என் கையால இதுவர ஒரு ஓட்டை வச்சதில்ல ஸ்டூரே. ஒண்ணுகூட. வச்சா அது வழியா என்னென்ன உள்ள போகும்னுதான் எனக்குத் தெரியும்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "உள்ள போறதையே பாத்துட்டிருக்க! வெளிய வர வேண்டியவன் உள்ள கெடந்து வேகறானே, அது தெரியலயா உனக்கு?" என்று கத்தினேன். பட்டறையே திரும்பிப் பார்த்தது. நான் பெட்டியைத்தான் சொன்னேன். சொல்லி முடித்த பிறகு பெட்டியை மட்டும் சொன்னதாக எனக்கே தோன்றவில்லை.

இல்வா எழுந்தாள். பிறகு மூடியை எடுத்து, அதன் விளிம்பில் பதித்திருந்த ரப்பர் பட்டையை நுனியில் பிடித்து இழுத்தாள். அது நீளமாக உரிந்து வந்தது. இரண்டாவது பட்டையையும் இழுத்தாள். அவை உட்காருவதற்காக விளிம்பு முழுக்க ஒரு பள்ளம் மடித்திருந்தோம். அந்தப் பள்ளத்தை அளந்தாள். கார்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் காற்று போக இவ்வளவு வேண்டும் என்று பெட்டி நின்ற அன்று ஹெல்யே கேட்டிருந்த இடம் அங்கே இருந்தது. இத்தனை நாளும் அதை ரப்பருக்குக் கொடுத்து வைத்திருந்தாள்.

அதற்குப் பிறகு அவளை யாரும் தடுக்க முடியவில்லை. வெறும் ஓட்டை போடவில்லை, அவளால் அது ஆகாது. மீனுக்குச் செவுள் இருக்குமே, அப்படி. தகட்டைக் கீற்றுக் கீற்றாகக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் கீழ்நோக்கிச் சாய்த்து, மழை விழுந்தாலும் வழிந்துபோகிற மாதிரி வரைந்தாள். இரு பக்கமும் காற்று உள்ளே வரச் செவுள், அனல் வெளியே போக மேல்பக்கம் பின்னால் ஒரு வரிசை. பீர்கித்தா துளையிடும் எந்திரத்தில் அதை அடித்தாள். ஒவ்வொரு அடிக்கும் இல்வா கண்ணைச் சிமிட்டினாள், தன்மேலேயே விழுந்தது போல. மூடியைப் போட்டு, சூடான காபி அறையிலேயே வைத்து, நாள் முழுக்க அதைப் பேசவிட்டுப் பார்த்தோம். நிற்கவில்லை. பதினாலு லிட்டர் என்று ஹெல்யே மறுபடி அளந்து, கண் கலங்கினான். அவனுக்கு அதெல்லாம் பெரிய விஷயம்.

பெட்டி தயார். ஆள் வரவேண்டுமே? எஸ்கில் கண்ணையே திறக்க மறுத்தான்.

"பெயிண்ட் அடிக்கணும்" என்றாள் இல்வா என்னிடம். "நீ அடி."

"எனக்கு வராதே."

"அதான்."

அடித்தேன். என்னால் முடிந்த அளவு நன்றாகவே அடித்தேன், சத்தியமாக. நீலம். பெயிண்ட் சூளையில் வெந்து வெளியே வந்தபோது ஒரு பக்கம் ஆரஞ்சுப் பழத்தோல் மாதிரி புள்ளி புள்ளியாக இருந்தது, மறுபக்கம் வழிந்திருந்தது. இல்வா பார்த்துவிட்டு, "இது போதும்" என்றாள்.

அன்று மாலை வீட்டுக்குப் போய் எஸ்கிலின் காதருகே, "பெட்டிக்கு ஸ்டூரே பெயிண்ட் அடிச்சிருக்கான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவன் கண்ணைத் திறந்தான். பலகையைப் பிடித்தாள். அவன் கண்ணால் கேட்டான்: "எங்க?"

மறுநாள் ஒன்பதுக்குக் கொஞ்சம் முன்னால் அழைத்து வந்தோம். பெட்டியை அவன் முகத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தேன். ஒரு பக்கம் காட்டினேன், திருப்பி மறுபக்கம் காட்டினேன். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு இல்வா அதை வாங்கி நாற்காலியின் பின்னால் மாட்டினாள். விசிறிகள் மெதுவாக மூச்சு விட ஆரம்பித்தன.

"எப்படி இருக்கு?" என்றேன்.

"எதால அடிச்ச, துடைப்பத்தாலயா?"

"மழையில நிக்கறதுக்கு இது போதும்டா."

"மழையே பாத்துட்டுத் திரும்பிப் போயிடும்."

எல்லாரும் சிரித்தார்கள், ஆனால் பாதிக் காது பெட்டியிடம் இருந்தது. போன தடவை நின்ற அளவு நேரம் ஆகட்டும் என்று காத்திருந்தோம். எஸ்கில் பீர்கித்தா பக்கம் கண்ணைத் திருப்பினான். "பீர்கித்தா, அன்னிக்கு உன் சித்தியச் சொல்லல. ஸ்டூரேயச் சொன்னேன்."

"தெரியும்டா" என்றாள் அவள். "எங்களுக்கும் மூக்கு இருக்கு."

நான் கோபித்துக்கொண்டேன். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டு என்னைக் காய்ச்சினார்கள். என் முதல் நாள் வேலைக் கதையை எஸ்கில் விட்ட இடத்திலிருந்து எடுத்து, முழுக்கச் சொல்லி முடித்தான். அதை நான் இங்கே சொல்வதாக இல்லை. இல்வா அவ்வளவு நேரமும் பெட்டிமேல் உள்ளங்கையை வைத்தபடி நின்றிருந்தாள். செவுள் வழியாக அனல் வந்துகொண்டே இருந்தது. போன தடவை நின்ற நேரத்தைத் தாண்டியும் வந்தது.

அப்போது அவள் கையை எடுத்தாள். ஒன்றும் சொல்லாமல் வரைகூடத்துக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழப் போயிருக்கிறாள் என்று நினைத்தோம். ஆளாளுக்குக் கோப்பையைப் பார்த்தோம். ஹெல்யே தொண்டையைச் செருமினான்.

கதவு திறந்தது.

"எஸ்கில், காபி ஆறுது!"

நான் அவனுக்குப் பக்கத்தில் நின்றதால் திரை எனக்குத் தெரிந்தது. கம்ப்யூட்டர் அவனுக்காக ஊகித்து மூன்று நான்கு பதில்களைப் போட்டது. 'நன்றி, இதோ வருகிறேன்.' 'கொஞ்சம் சூடாகத் தருவாயா?' எல்லாம் மரியாதையான பதில்கள். அவன் ஒன்றையும் பார்க்கவில்லை. கண் இரண்டு எழுத்தைத் தொட்டது, அவ்வளவுதான்.

"பெட்டி மேல வை. கொதிச்சிடும்."

இல்வா வாசற்படியில் நின்றாள். அவள் முகம் முதலில் கோணியது, பிறகு திறந்தது. அந்த முகம் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். சத்தமாக, அசிங்கமாக, மூக்கால் சிரித்தாள், நிறுத்த முடியவில்லை. சிரித்துக்கொண்டே கோப்பையை எடுத்து வந்தாள். ஹெல்யே, "ஏய், உள்ள கார்டு இருக்கு, கார்டு!" என்று அலறினான். அவள் காதில் வாங்கவில்லை. நீலப் பெட்டியின் மேல், அனல் வருகிற இடத்துக்குப் பக்கத்தில் கோப்பையை வைத்தாள். கோப்பைக்கு மூடி போடவில்லை.